பொது வழியில் ஒரு முகம்: தெருப் புகைப்படமும் அந்தரங்க உரிமையும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர வழியாகப் பல்லேகமவுக்குப் போகும் மலைப்பாதை இருவேறு வாழ்க்கைகளைத் தொட்டுச் செல்கிறது. ஏற்றத்தின் பக்கம் தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் கோயில்களும் இருக்கின்றன. உச்சியைக் கடந்து இறங்கினால் வயல்களும் ஓடைகளும் சிங்களக் கிராமங்களும் வருகின்றன. நக்கிள்ஸ் வனம் இலங்கையின் மத்திய மலைநாட்டோடு சேர்த்து 2010-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று இந்தப் பாதைக்கு வருபவர்களில் கைபேசிக் கமரா இல்லாதவர் இல்லை. ட்ரோன் கொண்டுவருபவர்களும் உண்டு. மூடுபனிக்கும் நீர்வீழ்ச்சிக்கும் அடுத்தபடியாக அவர்கள் படமெடுப்பது மனிதர்களை. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண், ஓடையில் குளிப்பவர்கள், பள்ளிவிட்டு நடந்துபோகும் பிள்ளைகள், கடை வாசலில் வெற்றிலை மடிக்கும் முதியவர் என்று அந்த வரிசை நீளும்.

படமெடுக்கப்படுபவர்களின் சங்கடம் பல வடிவங்களில் வெளிப்படுகிறது. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒருவர் தலைத்துணியை இழுத்து விடுகிறார். இன்னொருவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது படமெடுப்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது. “பொது இடம்தானே, படமெடுத்தால் என்ன?” என்பதே அவர்களின் வழக்கமான பதில். உலகின் பல நாட்டுச் சட்டங்களும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. அந்தப் பதில் போதாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. பொது இடத்தில் நிற்பது சம்மதம் ஆகாது. படத்தில் விழும் மனிதருக்கு எவ்வளவு குறைவாக அதிகாரம் இருக்கிறதோ, அவ்வளவுக்குப் படமெடுப்பவரின் பொறுப்பு கூடவேண்டும்.

பார்ப்பதற்கு இருந்த ஒழுங்கு

இந்தச் சங்கடத்தை நாட்டுப்புறத்துக் கூச்சம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பார்க்கப்படுவது இம்மக்களுக்குப் புதிதல்ல. லயத்து வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், இஸ்தோப்பு என்ற ஒரே முன்தாழ்வாரம், பக்கத்து வீட்டு இருமல் கேட்கும் சுவர்கள், குளிக்கவும் நீர் பிடிக்கவும் பொதுவான பீலி. நகரத்து நடுத்தர வர்க்கம் அந்தரங்கம் என்று கருதும் மூடிய அறையும் தாழ்ப்பாளும் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டடமாகக் கிடைத்ததே இல்லை. கிடைக்காததை அவர்கள் பழக்கத்தால் உண்டாக்கிக்கொண்டார்கள். பெண்கள் பீலியில் குளிக்கும் நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. போகவேண்டி வந்தால் தூரத்திலேயே குரல் கொடுக்கிறார்கள், பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

மலைக்கு அந்தப்புறமும் இதே ஒழுங்குதான். ஆற்றிலும் வாய்க்காலிலும் குளிப்பது இலங்கையின் கிராம வாழ்க்கையில் அன்றாடம் நடப்பது. தமிழ்ப் பெண்கள் குறுக்குக்கட்டோடும் சிங்களப் பெண்கள் தியரெத்த என்ற குளியல் துணியோடும் வெட்டவெளியில் குளிக்கிறார்கள். அதைக் காண்பவர்களும் உண்டு. ஆனால் காண்பவர் யாரென்று ஊருக்குத் தெரியும். அவருடைய தாயைத் தெரியும், வீட்டைத் தெரியும். உற்றுப் பார்த்தால் கேள்வி வரும், ஏச்சு விழும். பார்வைக்கு ஊர் பொறுப்புக் கேட்க முடிந்ததால் வெட்டவெளியிலும் அந்தரங்கம் சாத்தியமாயிற்று.

வழிப்போக்கரின் கமரா அந்த ஏற்பாட்டை முறிக்கிறது. பார்த்தவர் அடுத்த வளைவில் மறைந்துவிடுகிறார். அவரிடம் யாரும் கேட்க முடியாது. ஒரு கணத்தில் கடந்துபோக வேண்டிய காட்சி நிலைத்துவிடுகிறது. அதைக் காண்பவர்கள் அந்த ஓடைக்கரையில் இருந்தவர்கள் அல்லர், எங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் எழுதும் கருத்துகளைச் சம்பந்தப்பட்ட பெண் ஒருவேளை வாசிக்கவே மாட்டார். வாசித்தாலும் பதில் சொல்ல வழியில்லை. தன் உருவம் தன் கைக்கு எட்டாத இடத்தில் என்ன ஆகிறது என்று தெரியாமலிருப்பதே இந்தச் சங்கடத்தின் வேர். பார்க்கப்படுவதை அவர்கள் எதிர்க்கவில்லை. பொறுப்பேற்காத பார்வையை எதிர்க்கிறார்கள்.

பெயர் எழுதப்படாத படங்கள்

இந்த மலைகளில் அத்தகைய பார்வைக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-இல் தம் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879-இல் இங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த அறிஞர்களின் படங்கள் டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்ற பெயர்களோடு வாழ்கின்றன. இலங்கையில் அவர் எடுத்து எஞ்சியிருக்கும் சில படங்களில் இருப்பவர்கள் தொழிலாளர்களும் கிராமத்தவர்களும். ‘களுத்துறை விவசாயிகள் கூட்டம்’ என்ற பொருளில் அமைந்த தலைப்பே அவற்றில் ஒன்றுக்குக் கிடைத்தது. அதில் நிற்பவர்கள் யாரென்று இனி எவராலும் சொல்ல முடியாது.

கேமரன் ஒரு கலைஞர். அவர் கண்ணில் பரிவும் இருந்தது. அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய நிறுவனங்கள் இதையே வணிகமாக்கின. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண், காப்பித் தோட்டக் கூலி, தலைச்சுமைக்காரன் என்று மனிதர்கள் வகைகளாக்கப்பட்டு அஞ்சலட்டைகளில் விற்கப்பட்டார்கள். தேயிலை விளம்பரங்கள் அந்த வகையிலிருந்து ஒரு புன்னகையைத் தேர்ந்தெடுத்து உலகமெங்கும் கொண்டுபோயின. லயத்து அறையும், கடனும், 1948-இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியதும் அந்தப் புன்னகைக்கு வெளியே நின்றன.

சுற்றுலாப் பயணி இன்று தேயிலை மலையில் எடுக்கும் படம் பெரும்பாலும் அந்த அஞ்சலட்டையின் மறுபதிப்புத்தான். வெயிலில் வண்ணச் சேலை, கூடை, பச்சைப் பின்னணி. நாளுக்குரிய கிலோவைப் பறித்து முடிக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும் என்ற கணக்கோடு வேலை செய்யும் பெண்ணுக்குப் படத்துக்காக நிற்கும் ஐந்து நிமிடமும் கூலியில் வெட்டு. சாலையோரத் தோட்டங்களில் சில பெண்கள் படத்துக்குப் பணம் கேட்கிறார்கள். அதைப் பேராசை என்றும், இயல்புத்தன்மை கெட்டுவிட்டது என்றும் பயணக் குறிப்புகள் எழுதுகிறவர்கள் குறைப்படுகிறார்கள். தன் உருவத்தால் பிறர் வருவாய் ஈட்டுவதை மூன்று நான்கு தலைமுறைகளாகப் பார்த்துவந்த சமூகம் தனக்குரிய பங்கைக் கேட்கிறது. அது முற்றிலும் நியாயமான கேள்வி.

2023-இல், மலையகத் தமிழரின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் காடு கடந்து வந்த பாதையில் அவர்களின் வழித்தோன்றல்கள் நடந்தார்கள். கமராக்கள் அங்கேயும் நிறைய இருந்தன. ஆனால் படத்தில் இருந்தவர்கள் தாங்கள் எதற்காகப் படத்தில் இருக்கிறோம் என்று அறிந்திருந்தார்கள்; தங்கள் கோரிக்கைகளைத் தாங்களே ஏந்தியிருந்தார்கள். அஞ்சலட்டையிலிருந்து அந்த ஊர்வலப் படம் வேறுபடுவது இந்த ஒரு காரணத்தால்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

அந்தரங்கத்தைப் பற்றிய நவீனச் சட்டச் சிந்தனையே கமராவுக்கு எதிர்வினையாகத்தான் பிறந்தது. 1888-இல் கோடாக் நிறுவனம் எவரும் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1890-இல், சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைஸும் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்கள். உடனடிப் புகைப்படமும் பரபரப்புச் செய்தித்தாளும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன என்பதே அவர்களின் கவலை. 1902-இல் நியூயார்க்கில் ஒரு மாவு நிறுவனம் இளம்பெண் ஒருவரின் படத்தை அவர் அறியாமலே அச்சிட்டு 25,000 விளம்பரத் தாள்களை வெளியிட்ட வழக்கில், மேல் நீதிமன்றம் அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தது. மக்களின் சினத்தால் அடுத்த ஆண்டே, அனுமதியின்றி ஒருவர் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது.

விளம்பரத்துக்கு வரம்பு வந்தது, கலைக்கு வரவில்லை. பிலிப்-லோர்கா டிகோர்சியா டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாக விளக்குகளை அமைத்து வழிப்போக்கர்களின் முகங்களைப் படமெடுத்துக் காட்சிக்கு வைத்தார், விற்கவும் செய்தார். படத்தில் இருந்த யூத முதியவர் ஒருவர், இது தம் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று வழக்குத் தொடுத்தார். 2006-இல் நீதிமன்றம் அந்தப் படத்தைக் கலை வெளிப்பாடு என்று ஏற்று வழக்கைத் தள்ளியது.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998-இல் வேறு முடிவுக்கு வந்திருந்தது. மொன்றியலில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படம், அவரைக் கேட்காமல் ஒரு கலை இதழில் வெளியானது. விற்றவை 722 பிரதிகள். படத்தில் இழிவாக எதுவும் இல்லை. ஆயினும் பள்ளித் தோழர்களின் கேலிக்கு ஆளானதாக அவர் சொன்னார். கியூபெக்கின் உரிமைச் சாசனப்படி தன் உருவத்தின் மீதான உரிமை அந்தரங்க உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் ஏற்று, 2,000 டாலர் இழப்பீட்டை உறுதிப்படுத்தியது. பொது நலன் சார்ந்த செய்திக்கும், கூட்டத்தில் தற்செயலாக விழும் முகத்துக்கும் விலக்கு அளித்தது. படத்தின் மையப்பொருளாக ஒருவரை வைக்கும்போது அவர் சொல் கேட்கப்படவேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நகரமோ கிராமமோ, நடைமுறையில் பின்பற்றக்கூடிய கோடு இது.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அந்தரங்கம் மனிதரைச் சார்ந்தது. அவர் பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதாலேயே அது அற்றுப்போவதில்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. லயத்து மக்கள் பீலிக்கரையில் எப்போதோ நடைமுறைப்படுத்தியதை நீதிமன்றம் தன் மொழியில் சொல்லியிருக்கிறது.

இலங்கையின் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்குத் தனி உறுப்புரை இல்லை. 2015-இல் சேர்ந்த 14அ உறுப்புரை, தகவல் அறியும் உரிமைக்கு வரம்பிடும் காரணங்களில் ஒன்றாக மட்டும் அதைக் குறிப்பிடுகிறது. நம்பிக்கை தரும் வழி, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. மனித கண்ணியத்துக்கு நேரும் ஊறுக்கு இழப்பீடு கேட்கும் பழைய வழக்குமுறை அதில் உண்டு. அதே சட்ட மரபைக் கொண்ட தென்னாப்பிரிக்காவில், 1954-இல், ஒரு வானொலிக் கலைஞரின் படத்தை அவர் சம்மதமின்றித் துப்பாக்கி விளம்பரத்தில் வெளியிட்டது அவருடைய கண்ணியத்தின் மீதான தாக்குதல் ஆகலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் வழக்கறிஞரை வைத்து மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நின்று கண்ணியத்தை மீட்பது நாள்கூலிக்குப் போகும் எத்தனை பேருக்கு இயலும்?

2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காட்டும் தகவலைப் பாதுகாக்க வந்தது. தனிநபர் ஒருவர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு அது விலக்களிக்கிறது. குடும்ப ஆல்பத்துக்கு இது சரியே. ஓடையில் குளிப்பவரைப் படமெடுத்து, இலட்சம் பேர் பார்க்கும் பக்கத்தில் போட்டு, விளம்பர வருவாய் பெறுவது வீட்டுத் தேவை ஆகாது. இந்தக் கோட்டை அதிகாரிகள் தெளிவாக வரைந்து அறிவிக்க வேண்டும்.

கமரா யாரை நோக்குகிறது

அப்படியானால் பொது இடத்தில் படமெடுப்பதையே தடைசெய்யலாமே என்ற வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு இருக்கிறது. அதை எதிர்கொள்ளாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. இலங்கைத் தமிழர் கமராவின் தேவையை மிக நன்றாக அறிந்தவர்கள். 2011 ஜூனில் பிரிட்டனின் சானல் 4 ஒளிபரப்பிய ஆவணப்படம் இறுதிப் போரின் கொடூரங்களை உலகத்தின் முன் வைத்தது. அதில் இருந்த காட்சிகளில் பல கைபேசிகளில் பதிவானவை. பொது இடத்தில் படமெடுக்கத் தடை வந்தால் அதை முதலில் பயன்படுத்துபவர்கள் காவல்துறையும் இராணுவமும்தான். மக்கள் போராட்டத்தையும் தடியடியையும் பதிவு செய்யும் கைதான் முதலில் பிடிக்கப்படும்.

போர் நடந்த அதே வடக்கில் கமராவின் மறுமுகமும் தெரிகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பின்னர் வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களிலும் அது பரவியது. தங்கள் பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தித் தாய்மார் தெருவில் உட்கார்ந்தார்கள். புலனாய்வாளர்கள் அந்தத் தாய்மாரைப் படமெடுத்தார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அறிக்கைகள் இத்தகைய கண்காணிப்பைத் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டிருக்கின்றன. தாயின் கையிலுள்ள படம் அரசிடம் கேள்வி கேட்கிறது. அவர் மீது திரும்பிய கமரா அவரை அச்சுறுத்துகிறது. இரண்டும் ஒரே தெருவில், ஒரே பகலில் நடக்கின்றன. இரண்டையும் ‘பொது இடப் புகைப்படம்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கும் சட்டம் நடப்பதைப் புரிந்துகொள்ளத் தவறுகிறது.

முகம் தவறாகப் பயன்பட்டால் என்ன நேரும் என்பதற்கு 2019 ஏப்ரல் சாட்சி. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கைக் காவல்துறை வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இலங்கை வம்சாவளி முஸ்லிம் பெண் ஒருவரின் படம் தவறாக இடம்பெற்றது. தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது, ஆனால் அதற்குள் கொலை மிரட்டல்கள் அவரைச் சென்றடைந்துவிட்டன. வெளியேவிட்ட முகத்தைத் திரும்பப் பெற முடியாது.

சென்னையிலும் 2021 ஜனவரியில் இதன் இன்னொரு வடிவம் வெளிப்பட்டது. பெசன்ட் நகர் கடற்கரையில் இளம்பெண்களை நிறுத்தி ஆபாசமான கேள்விகள் கேட்டுப் படமெடுத்து வெளியிட்ட யூடியூப் சேனலைச் சேர்ந்த மூவர், பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரின் பேரில் கைதானார்கள். கடற்கரை பொது இடம். கமரா மறைக்கப்படவும் இல்லை. ஆனால் காணொளி வெளியான பின் வந்து விழும் வசவுகளைக் கமரா முன் நிற்கும் நிமிடத்தில் எவரும் கணித்திருக்க முடியாது.

நம் சமூகத்துக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. போரில் கொல்லப்பட்ட பெண்களின் ஆடையற்ற உடல்களின் படங்கள் போரின் முடிவை நினைவுகூரும் ஒவ்வொரு மே மாதமும் சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. பகிர்பவர்கள் நீதி கேட்டே பகிர்கிறார்கள். அந்தப் படங்கள் விசாரணையாளரிடமும் நீதிமன்றத்திலும் இருக்கவேண்டிய சான்றுகள். எல்லோர் கைபேசியிலும் அவற்றைத் திறந்துவைப்பது, கொன்றவர்கள் செய்த அவமதிப்பைத் தொடர்வதாகிறது. இறந்தவர்களால் சம்மதம் சொல்ல முடியாது. ஆகவே உயிரோடிருப்பவர்களின் கடமை இங்கே இரட்டிப்பாகிறது.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒரு நெறி தெளிகிறது. அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஒருவர், அதைப் பயன்படுத்தும் நேரத்தில், கமராவிடமிருந்து ஒளிந்துகொள்ள உரிமை கோர முடியாது. அதிகாரமற்றவர் தன் அன்றாடத்தில் இருக்கும்போது கமரா அவரிடம் அனுமதி கேட்கவேண்டும். இடம் பொதுவா தனியா என்பதைவிட இந்த ஏற்றத்தாழ்வே முதலில் கவனிக்கவேண்டியது.

மூழ்கிய ஊர் கேட்கும் படங்கள்

தெருப் புகைப்படமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கான வலுவான காரணம் பல்லேகமவிலேயே இருக்கிறது. மொரகஹகந்த - களுகங்கை நீர்த்தேக்கத் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. லக்கல பல்லேகமவின் பழைய நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போனது. அரச அலுவலகங்களோடும் கடைத்தொகுதிகளோடும் திட்டமிட்டுக் கட்டிய புதிய நகரம் 2018-இல் திறக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் அரசு எடுத்துவைப்பது நில அளவைப் படங்களும் இழப்பீட்டுக் கோப்புகளும் திறப்பு விழாப் படங்களும். பேருந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தவர்கள், சந்தை நாளில் பேரம் பேசியவர்கள், பெரஹரா பார்க்கத் திண்ணையில் ஏறிய பிள்ளைகள் ஆகியோரை எந்தக் கோப்பும் வைத்திருக்காது. அன்றாடத்தைப் பதிவு செய்ய அக்கறையோடு தெருவில் நின்ற கமராவால்தான் அது முடியும்.

லயனல் வென்ட் 1930களில் இலங்கை உழைப்பாளிகளை எடுத்த படங்களும், நிஹால் பெர்னாண்டோ பல பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று எடுத்த படங்களும் இல்லாவிட்டால் இந்நாட்டின் தோற்றமே நமக்குக் குறைவாகத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கவேண்டுமென்றால் இக்கலை நின்றுவிடும். அதே சமயம், முகத்தின் அருகில் திடீரெனக் கமராவை நீட்டிப் படமெடுப்பதையே துணிச்சலாகக் கொண்டாடும் போக்கைப் பொதுமக்கள் இப்போது ஏற்பதில்லை. 2020 பிப்ரவரியில் புஜிஃபிலிம் நிறுவனம் ஒரு புதிய கமராவுக்காக வெளியிட்ட காணொளியில், ஜப்பானியக் கலைஞர் தட்சுவோ சுசுகி அவ்வாறு டோக்கியோ வழிப்போக்கர்களைப் படமெடுத்தது கடும் கண்டனத்துக்கு ஆளானது. நிறுவனம் காணொளியைத் திரும்பப் பெற்றது. அதில் சட்டமீறல் இருந்ததா என்பதைப் பலர் கேட்கவே இல்லை. முகம் சுளித்த மனிதர்களை அவர்கள் கண்டார்கள், அது போதுமானதாக இருந்தது.

செய்யக்கூடியவை

முதலாவது, எடுப்பதையும் வெளியிடுவதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். தெருவின் ஓட்டத்தில் கேட்காமல் எடுத்த படத்தை, எடுத்த பின்னாவது அவரிடம் காட்டலாம். வேண்டாம் என்று தலையசைத்தால் அவர் முன்னாலேயே அழித்துவிடலாம். மொழி தெரியாவிட்டாலும் இதற்குச் சைகை போதும்.

இரண்டாவது, குளிப்பவர், நோயாளி, துக்கத்தில் இருப்பவர், தனித்திருக்கும் குழந்தை ஆகியோரை அடையாளம் தெரியும்படி எடுப்பதில்லை என்பதை இந்நாட்டுப் புகைப்படச் சங்கங்களும் பத்திரிகைகளும் எழுதப்பட்ட நெறியாகக் கொள்ளவேண்டும். ட்ரோன்களைப் பதிவு செய்யச் சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, விமானப் பாதுகாப்போடு நில்லாமல் குடியிருப்புகளின் அந்தரங்கத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

மூன்றாவது, படத்தால் வருவாய் வந்தால் அதில் படத்தில் இருப்பவருக்குப் பங்கு வேண்டும். தேயிலை நிறுவனமோ உல்லாச விடுதியோ ஒரு தொழிலாளியின் முகத்தை விளம்பரத்தில் வைக்கும்போது, தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றதோடு கடமை முடிந்துவிடாது. நிர்வாகத்துக்குச் சொந்தமானது தேயிலை மட்டுமே. அந்தப் பெண்ணின் எழுத்துமூலச் சம்மதமும், ஊதியமும், அவர் விரும்பினால் அவர் பெயரும் அங்கே இருக்கவேண்டும். தொழிற்சங்கங்கள் ஊதியப் பேச்சுகளில் இதைக் கோரிக்கையாக வைக்கலாம்.

நான்காவது, படம் ஊருக்குத் திரும்பவேண்டும். ஒரு பிரதி கடைக்காரர் மூலமோ பாடசாலை மூலமோ தபாலிலோ வந்து சேர்ந்தால், அங்கே புகைப்படக்காரர் மீண்டும் கேள்வி கேட்கப்படக்கூடிய மனிதராகிறார். பழைய பல்லேகமவைப் படமெடுத்தவர்கள் அவற்றைப் புதிய நகரத்தின் நூலகத்துக்கோ பாடசாலைக்கோ கொடுத்தால், தங்களுடைய தெருவையும் அதில் நடந்த தங்களுடைய முகங்களையும் அங்குள்ளவர்கள் அடையாளம் கண்டு பெயர் எழுதுவார்கள். அஞ்சலட்டைக்காரர்கள் வெறுமையாக விட்ட இடம் அது. அதை நிரப்பும் உரிமை படத்தில் இருப்பவர்களுக்கே உண்டு. அந்த உரிமையை மதிக்கத் தயாராக இருக்கும் கமராவுக்கே தெருவில் நிற்கும் உரிமையும் இருக்கவேண்டும்.